முதலில் நாம் பின்பற்றுவோம்

எண்ணும் எழுத்தும் வகுப்பில் எல்லோரும் பாடலுக்குக் கைதட்ட, ஒரு குழந்தை மட்டும் பனங்காய் வண்டியின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. 'செய்து காட்டியும் செய்யவில்லை' என்று முடிவு கட்டுமுன் சற்றுப் பொறுப்போம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குப் 'பார்த்துச் செய்தல்' தானாக வருவதில்லை. அதையும் கற்பிக்க வேண்டும்.

பனைமரங்கள் மிகுந்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் பனங்காய் வண்டி எளிதில் கிடைக்கும். அதேபோன்ற இன்னொரு வண்டியுடன் குழந்தையின் அருகில் அமருங்கள். குழந்தை சுழற்றினால் நீங்களும் சுழற்றுங்கள், நிறுத்தினால் நிறுத்துங்கள். குழந்தை உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, 'உருட்டு' என்று சொல்லி வண்டியை உருட்டிக் காட்டிக் காத்திருங்கள். மூன்று முறை காட்டியும் செய்யாவிட்டால், கையை மென்மையாகப் பிடித்து உதவுங்கள், உடனே பாராட்டுங்கள். பிறகு மீண்டும் குழந்தையின் விளையாட்டையே பின்பற்றுங்கள்.

அமெரிக்க உளவியலாளர்கள் புரூக் இங்கர்சால், லாரா ஷ்ரைப்மன் இருவரும் இம்முறையை ஆட்டிசம் உள்ள ஐந்து சிறு குழந்தைகளிடம் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். பார்த்துச் செய்வதோடு, பேச்சும் பாவனை விளையாட்டும் அவர்களிடம் வளர்ந்தன.

தினமும் சில நிமிடங்கள் போதும். வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரோடும் பெற்றோரோடும் கலந்து பேசித் தொடருங்கள். இன்று சக்கரம் சுழற்றும் கை, நாளை நம்மைப் பார்த்துத் தட்டும்.