கேம் சென்சாரைக் கழற்றும் முன்



இப்போது தெருமுனை ஒர்க்ஷாப்பில்கூட ஸ்கேனர் வந்துவிட்டது. சொருகிய உடனே 'பி0340' என்று ஒரு எண் வரும். பக்கத்தில் 'கேம் ஷாப்ட் பொசிஷன் சென்சார் சர்க்யூட்' என்று போட்டிருக்கும். "கேம் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கடைசியில் நிற்கும் 'சர்க்யூட்' என்ற வார்த்தையை யாரும் படிப்பதில்லை. வண்டிக்காரர் பணம் கட்டிவிட்டுப் போகிறார். நாலு நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. நாளை நாம் அந்த ஸ்கேனரைப் பிடிக்கப் போகிறவர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த சென்சார் எதற்கு? நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. முதல் சிலிண்டர் பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்பதை கிராங்க் சென்சார் சொல்லிவிடும். ஆனால் அது கம்ப்ரஷன் முடிந்து வந்ததா, எக்ஸாஸ்ட் முடிந்து வந்ததா? கிராங்குக்குத் தெரியாது. அதே நேரம் நாலாவது பிஸ்டனும் மேலேதான் நிற்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான் கேம் சென்சார். பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளில் இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் செய்தது. அது கேம் ஷாப்டிலிருந்து ஓடியதால் கிராங்கில் பாதி வேகத்தில் சுற்றி, எந்த சிலிண்டர் என்பதைத் தானாகவே சரியாகக் காட்டியது.

சிக்னல் போய்விட்டால் எல்லா வண்டியும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சில ஈ.சி.யு. கிராங்க் சிக்னலை மட்டும் வைத்து, 1-4, 2-3 என்று ஜோடி ஜோடியாக ஸ்பார்க் கொடுத்து சமாளிக்கும். ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், இழுவை குறையும், ஆனால் வண்டி வீடு போய்ச் சேரும். சில வண்டிகள் எவ்வளவு கிராங்க் செய்தாலும் ஸ்டார்ட்டே ஆகாது. ஆகவே "வண்டி ஓடுதே, அப்ப கேம் சிக்னல் இருக்கு" என்று முடிவு கட்டக் கூடாது.

சென்சாரில் இரண்டு வகை. இரண்டு வயர் இருந்தால் பெரும்பாலும் காயில் வகை. அதை ஓம் மீட்டரில் அளக்கலாம், கிராங்க் செய்யும்போது ஏ.சி. வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம். மூன்று வயர் இருந்தால் பெரும்பாலும் ஹால் வகை. எட்வின் ஹால் 1879-ல் கண்டுபிடித்த, பிசிக்ஸ் பேப்பரில் மார்க்குக்காக நாம் எழுதிவிட்டு வந்த அதே ஹால் எபெக்ட்தான்! இதற்கு உள்ளே எலெக்ட்ரானிக் சர்க்யூட் இருப்பதால் ஓம் அளப்பதில் பிரயோஜனம் இல்லை. வோல்ட்தான் பேச வேண்டும்.

ஹால் வகைக்கு நான் சொல்லும் வரிசை இது. கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, வயர் பக்கத்து முட்களில் அளக்கவும். எந்த முள் எது என்பதை வயரிங் படத்தில் பாருங்கள், வயர் கலரை நம்பாதீர்கள். ஒன்றில் சப்ளை வர வேண்டும், 5 வோல்ட், சில வண்டிகளில் 12. சிக்னல் முள்ளிலும் பெரும்பாலான வண்டிகளில் 5 வோல்ட் இருக்கும். அது ஈ.சி.யு. உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பி வைப்பது. சென்சார் அதை எர்த்துக்கு இழுத்தும் விட்டும்தான் சிக்னலை உண்டாக்குகிறது. சென்சாரே மாட்டாதபோது அந்த 5 வோல்ட் இல்லை என்றால், புது சென்சார் மாட்டி என்ன பலன்? வயர் அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ எர்த்தைத் தொட்டிருக்கிறது.

எர்த்தை மட்டும் கனெக்டரை மாட்டிய நிலையில்தான் பார்க்க வேண்டும். கரண்ட் ஓடாத வயரில் பச்சை பூத்த முள்கூட யோக்கியன் வேஷம் போடும். பின்பக்கமாக ஊசி நுழைத்து, எர்த் முள்ளுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் சந்தேகப்படலாம். கிராங்க் செய்யும்போதும் பார்க்கவும். இன்ஜின் எர்த் ஸ்ட்ராப் கெட்டிருந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் இழுக்கும் அந்த நேரத்தில்தான் மீட்டர் துள்ளும்.

அடுத்து சிக்னல். பியூயல் பம்ப் பியூசையும் இக்னிஷன் காயில் கனெக்டரையும் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை ஆன் செய்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். மீட்டர் 5-லிருந்து பூஜ்யத்துக்கு அருகே இறங்கி மறுபடி ஏற வேண்டும். கேம் பாதி வேகம் என்பதால் முழு இரண்டு சுற்று சுற்றாமல் "சிக்னல் இல்லை" என்று சொல்லக் கூடாது. அவசரக்காரர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மாறவே இல்லை என்றால் சென்சாரை வெளியே எடுத்து, கனெக்டரோடு வைத்தபடியே முனை அருகே ஒரு ஸ்பேனரைக் கொண்டு போய்க் காட்டலாம். உள்ளேயே காந்தம் உள்ள வகை என்றால் மீட்டர் மாறும். மாறினால் சென்சார் நிரபராதி. முனையில் ஒட்டிய இரும்புத் தூள், அதிகமான இடைவெளி, கேம் சக்கரத்தில் அடிபட்ட பல், சுற்றாத கேம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

டிரெய்னிங் போன இடத்தில் பார்த்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் இன்ஜின் நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகும். வேறு எங்கோ இரண்டு தடவை கேம் சென்சார் மாற்றியாகிவிட்டது. ஸ்கேனரில் பி0340-உடன் பி0107-ம் இருந்தது. அது மேனிபோல்ட் பிரஷர் சென்சார் சர்க்யூட்டில் வோல்ட் குறைவு என்று சொல்லும் எண். "அண்ணே, அந்த சென்சாரையும் சேர்த்து மாத்திடலாமா?" என்று கூட இருந்த பையன் கேட்டான். மூத்த மெக்கானிக் சிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாவாங்களாடா தம்பி? ரெண்டு பேருக்கும் சோறு போடுறவன் யாருன்னு பாரு."

சோறு போடுகிறவன் 5 வோல்ட் சப்ளை வயர். அந்த வண்டியில் இரண்டு சென்சாருக்கும் அது பொது. அவர் சாவியை ஆன் செய்து, மீட்டரை அதில் வைத்து, ஹார்னஸை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே வந்தார். ஒரு இரும்பு பிராக்கெட் அருகே 5 வோல்ட் டக்கென்று விழுந்தது. கிளிப் போன இடத்தில் வயர் உரசி, தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. இன்ஜின் குலுங்கினால் எர்த், குலுங்காவிட்டால் சரி. தேய்ந்த இடத்தை சாலிடர் செய்து, ஸ்லீவ் போட்டு, ஒரு கிளிப் மாட்டினார். வண்டிக்காரர் அதற்குமுன் வாங்கிய இரண்டு சென்சாருக்கும் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

இன்னொரு எண்ணை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது: பி0016. கிராங்க் சிக்னலும் இருக்கிறது, கேம் சிக்னலும் இருக்கிறது, இரண்டுக்கும் பொருத்தம் சரியில்லை என்று அது சொல்கிறது. இங்கே மீட்டரில் எல்லாம் நன்றாகத் தெரியும். இரண்டு சேனல் ஆசிலாஸ்கோப் இருந்தால் இரண்டு அலையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் டைமிங் கவரைத் திறந்து மார்க்கைப் பார்ப்பதுதான் வழி. கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் உள்ள பெல்ட் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் ஒரே ஒரு பல் தாண்டினாலும் கிராங்க் கணக்கில் 18 டிகிரி தப்பிவிடும். வேரியபிள் வால்வ் டைமிங் உள்ள இன்ஜினில் அழுக்கு ஆயிலோ ஆயில் கன்ட்ரோல் வால்வின் அடைப்போகூட இதே எண்ணைக் கொண்டுவரும்.

இந்த எண்ணோடு, அல்லது பெல்ட் வேலை முடிந்த கையோடு, ஸ்டார்ட் ஆகாமல் வரும் வண்டியை "இன்னொரு தடவை அடிச்சுப் பார்ப்போம்" என்று செல்ப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பல இன்ஜின்களில் டைமிங் தப்பினால் பிஸ்டன் வால்வை இடிக்கும். வால்வ் வளைந்தால் சிலிண்டர் ஹெட் இறங்க வேண்டும். கையால் சுற்றும்போது எங்காவது கெட்டியாக இடித்தால் அதோடு நிறுத்திவிட்டுக் கவரைத் திறங்கள்.

வேலை முடிந்ததும் காயில் கனெக்டரையும் பியூசையும் மாட்டி, எண்களை அழித்து, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்யவும். சூட்டில் மட்டும் கெடும் ஹால் சென்சாரும் உண்டு, அது குளிர்ந்த இன்ஜினில் எல்லா டெஸ்ட்டிலும் பாஸாகிவிடும். அப்படி ஒன்று கிடைத்தால் அப்போது தாராளமாகப் புதுசு மாற்றி, பழையதை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள்.