ஏர்வாடிச் சங்கிலியும் கமுதிக் கதவும்

பாம்பன் பாலத்தைக் கடக்கும் வரையில் கடலைப் பார்த்தபடி வாய்மூடியிருக்கும் இராமேசுவர யாத்ரிகர்கள், பாலம் தாண்டியதும் ஏதாவதொரு தர்க்கத்தில் இறங்கிவிடுவது வழக்கம். அத்தர்க்கங்களில் நான் அதிகமாகக் கேட்டிருப்பது, மதம் என்னும் ஸ்தாபனத்தால் ஜனங்களுக்கு விளைந்தது நன்மையா தீமையா என்பதே. ஒரு கட்சிக்காரர் இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தையும், சேது மார்க்கத்தில் மன்னர்கள் கட்டிவைத்த சத்திரங்களையும் எடுத்துக்காட்டுவார். எதிர்க் கட்சிக்காரர் ‘ஏர்வாடி’ என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவ்வொரு சொல்லுக்குப் பிறகு ரயில் பெட்டியில் யாரும் பேசுவதில்லை. ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏர்வாடி தர்காவின் மூடநம்பிக்கை இருபத்தெட்டு உயிர்களை எரித்துவிட்டது என்பது பலர் மனத்தில் ஊன்றிப்போன நம்பிக்கை. நடந்தது இது: 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், மொகைதீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்துவந்த ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியபோது, உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தபடியால் எழுந்து ஓட வழியின்றிக் கருகினார்கள். முதலில் இருபத்தைந்து என்றும், பின்னர் இருபத்தெட்டு என்றும் கணக்காயிற்று. அந்தக் கொட்டகை தர்காவின் சொத்தன்று. தர்கா நிர்வாகம் அதை நடத்தவுமில்லை. நோயாளியின் உறவினரிடம் பணம் வாங்கிக்கொண்டு தனி மனிதர்கள் நடத்திய விடுதிகளில் அதுவும் ஒன்று. அங்கே கட்டப்பட்டுக் கிடந்தவர்கள் எல்லா மதத்தாரும்தான். இத்தகைய இல்லங்கள் உரிமம் பெற்றாக வேண்டுமென்ற மனநலச் சட்டம் 1987-லேயே இயற்றப்பட்டிருந்தது. அது ஏர்வாடிவரை நடந்து வந்து சேரவில்லை. தமிழ்நாடு முழுமைக்கும் அப்போது அரசு மனநல மருத்துவமனை ஒன்றே ஒன்று, அதுவும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கீழ்ப்பாக்கத்தில். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று தெரிந்த ஒரு முதுகுளத்தூர்க் குடியானவர் கீழ்ப்பாக்கத்துக்கா போயிருப்பார்?

இதனால் தர்காவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லையென்று சொல்லிவிட முடியுமா என்றால், அதுவும் முடியாது. இங்கே அடங்கியிருக்கும் சுல்தான் சையது இபுராகீம் ஷஹீது அவர்கள் கனவில் தோன்றி ‘உத்தரவு’ கொடுத்தால்தான் ஊர் திரும்பலாம் என்பது வந்து தங்குவோரின் ஐதிகம். உத்தரவு வருவதற்கு ஒரு வாரமும் ஆகலாம், ஆறு வருஷமும் ஆகலாம். அத்தனை காலம் கூடவே உட்கார்ந்திருக்கப் பெற்றவர்களால் ஆகுமா? காத்திருப்பு பக்தியின் பாற்பட்டது. அந்தக் காத்திருப்புக்கு மாத வாடகை வைத்தது வியாபாரம். சங்கிலி அந்த வியாபாரத்தின் சிக்கனம், ஏனெனில் ஓர் ஆளைக் காவலுக்கு வைப்பதைவிட ஓர் இரும்புக் கண்ணி மலிவு. ‘மதம் கொன்றது’ என்று எழுவாயை மாற்றிவிட்டால் வாக்கியம் எளிதாகிவிடுகிறதென்பது மெய்யே. ஆனால் பணம் வாங்கியவரும், கண்டும் காணாதிருந்த அதிகாரியும், மணியார்டர் அனுப்பிவிட்டுப் பின்பு எட்டிப் பாராத உடன்பிறந்தாரும் அந்த எழுவாயின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே அவ்விவகாரத்தைக் கையிலெடுத்ததும், காப்பகங்கள் மூடப்பட்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்ததும், நடத்தியவர் 2007-இல் தண்டிக்கப்பட்டதும் பிற்பாடு நிகழ்ந்தவை. எந்த விதமான சங்கிலியும் கூடாதென்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்போது தெளிவாகவே சொல்கிறது.

பிராகாரத்தையும் சத்திரத்தையும் சுட்டிய முதல் கட்சிக்காரரின் நம்பிக்கை வேறு விதம். கோயில் தானதர்மமன்றி வேறொன்றும் அறியாதது என்பார் அவர். அவருக்கு 1897-ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அவ்வருஷம் ஜனவரி 26 அன்று விவேகானந்தர் பாம்பன் கரையில் இறங்கியபோது, அவரது சிகாகோ பிரயாணத்துக்கு முன்னின்று உதவிய இராமநாதபுரம் சமஸ்தானாதிபதி பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டழைத்து, குதிரைகளை அவிழ்த்துவிட்ட வண்டியை ஜனங்களோடு சேர்ந்து தாமும் இழுத்தார். மறுநாள் இராமநாதசுவாமி கோயிலில் பேசிய சுவாமிகள், ஏழையிடத்தும் பலவீனரிடத்தும் சிவனைக் காண்பதே மெய்யான பூஜை என்று உபதேசித்தார். நான்கு மாதம் கழியவில்லை. மே மாதத்தில், சமஸ்தானத்தைச் சேர்ந்த கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் புகுந்து வழிபட்டார்கள். தர்மகர்த்தா என்ற முறையில் சுத்திச் செலவு கோரியும் இனிப் பிரவேசிக்கத் தடை கோரியும் வழக்குத் தொடுத்தவர் அதே சேதுபதி. வழக்கு மதுரையில் தொடங்கிச் சென்னை ஏறி, கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய், 1908-இல் நாடார்களுக்கு விரோதமாகவே முடிந்தது. கமுதி அம்மன் சந்நிதியை ஒருநாளும் கண்டிராத ஆங்கில நீதிமான்கள், யார் அங்கே நின்று கும்பிடலாம் என்று நிர்ணயித்ததை எண்ணுந்தோறும் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. கும்பிடப் போனவர்களுக்குச் சிரிப்பு வந்திராது.

தோற்றவர்கள் தெய்வத்தைக் கைவிட்டார்களா என்றால், இல்லை. நாடார்களின் உறவின்முறைச் சங்கங்கள் கடைக்குக் கடை, மூட்டைக்கு மூட்டை மகமை என்னும் பொதுநிதி பிரித்தன. அந்தப் பணத்தில் அவர்களுடைய சொந்தக் கோயில்களும், அக்கோயில்களையடுத்துப் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. 1939 ஜூலை 8 அன்று தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் நாடார் ஒருவரையும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்ற வைத்தியநாதையர் நாஸ்திகரல்லர் என்பதையும் ரயில் தர்க்கவாதிகள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

ஓரியூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் அங்கே சிரச்சேதம் செய்யப்பட்டதற்குக் கிழவன் சேதுபதியின் மதத்துவேஷமே காரணம் என்பார்கள். அதே சேதுபதிக்கு உற்ற துணையாயிருந்தவர் முஸ்லிம் வள்ளலான கீழக்கரைச் சீதக்காதி. மறவர் தலைவர் தடியத்தேவர் அருளானந்தரால் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண்ணாயிருந்ததும் அவ்விவகாரத்தின் வேர். புரோகிதர்களின் முறையீடு அதற்கு எண்ணெய் வார்த்தது. இன்று அவர் இரத்தம் படிந்ததாகச் சொல்லப்படும் ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர்களில் எல்லாச் சாதியாரும் உண்டு.

ஏர்வாடியில் இப்பொழுது தர்காவையொட்டியே அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். ‘தவா–துவா’ என்று அதற்குப் பெயர், மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். சென்ற முறை போயிருந்தபோது நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் அம்மாள் தூணோரம் மகளை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். மகளின் கணுக்காலைச் சுற்றி வளையம்போல் ஒரு பழைய தழும்பு; நான் அதைப் பார்த்ததைக் கவனித்துவிட்டுத் தாய் பாவாடையை இழுத்து மூடினார். பக்கத்திலிருந்த மஞ்சள் பையில் தர்கா விளக்கின் எண்ணெய் அடைத்த சிறு குப்பியும், மாத்திரை அட்டை இரண்டும் கலந்து கிடந்தன. எதில் குணம் தெரிகிறது என்று கேட்டேன்.

“ரெண்டையும் ராத்திரியில குடுத்துருவேன்யா. எது கேக்குதோ கேக்கட்டும். புள்ள தூங்குது, அது போதும்” என்று சொல்லி, சிக்கெடுத்த முடியைச் சுருட்டிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.