வெளிநாட்டுக் கடன் அட்டையும் நம் கல்லாப் பெட்டியும்



சாலாக் செலாத்தானில் மளிகைக் கடையோ சாப்பாட்டுக் கடையோ நடத்துகிற நம்மவருக்கு 555 நோட்டுப் புத்தகத்தைப் பற்றி விளக்கம் வேண்டியதில்லை. உள்ளங்கை அளவுள்ள அந்தப் புத்தகத்தில் வாடிக்கைக்காரரின் பெயரும், வாங்கிய சாமானும், வெள்ளியும் காசும் ஏறும். சம்பள நாளில் கணக்கு அடிபடும். அதில் வட்டி கிடையாது, வெகுமதியும் கிடையாது. கடன் அட்டை என்பதும் இத்தகைய ஒரு பற்றுப் புத்தகந்தான். அதை எழுதுகிறவர் மட்டும் கடைக்காரர் அல்லர், எங்கோ இருக்கும் ஒரு பாங்கி. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே இம்மாதப் பாடத்தில் நாம் பேசப்போகும் விஷயங்கள் எல்லாம் பிறக்கின்றன.

நாம் எடுத்துக்கொண்ட விஷயம் யாதெனில், வெளிநாட்டுக் கடன் அட்டைகளைச் சேர்க்கும் பழக்கம். சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் அங்கே வாங்கிய அட்டையை ஊர் திரும்பிய பின்பும் வைத்துக்கொள்கிறார். துபாய்க்குப் போன மைத்துனர் தங்க நிறத்தில் ஒன்று கொண்டுவந்து காட்டுகிறார். வீட்டுப் பிள்ளைகள் நாலைந்தைச் சேர்த்து, இதில் விமான நிலையத்தில் இலவசமாக உட்காரலாம், அதில் செலவழித்தால் பிரயாணப் புள்ளி கிடைக்கும் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். ஆசைக்குக் காரணம் இரண்டு: அட்டையின் அழகு ஒன்று, அதனுடன் வரும் சலுகை மற்றொன்று.

முதலில் அழகைப் பார்ப்போம். 1950-இல் நியூயார்க்கில் பிராங்க் மக்னமாராவும் தோழர்களும் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டை வெறும் காகித அட்டைதான். சாப்பாட்டுக் கடையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் பணம் கட்டுவதற்காக அது ஏற்பட்டது. (நம் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.) 1958-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வெளியிட்டதும் ஊதா நிறக் காகிதமே, அடுத்த ஆண்டுதான் பிளாஸ்டிக் வந்தது. அதே 1958-இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவிலுள்ள ஃபிரெஸ்னோ என்னும் ஊரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு அவர்கள் கேளாமலே அட்டைகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. அந்த அட்டைதான் 1976-இல் விசா என்று பெயர் மாறியது. பின்னர் ஜப்பானில் 1961-இல் ஜே.சி.பி., சீனத்தில் 2002-இல் யூனியன்பே, இந்தியாவில் 2012-இல் ரூபே என்று நாட்டுக்கொரு அட்டை கிளம்பிற்று.

எந்த நாட்டு அட்டையானாலும் நீளம் 85.60 மில்லிமீட்டர், அகலம் 53.98 மில்லிமீட்டர்தான். எங்கும் ஒரே யந்திரத்தில் நுழைய வேண்டுமே! அளவை மாற்ற முடியாதபடியால் நிறத்திலும் சித்திரத்திலும் போட்டி ஏற்பட்டது. ஜப்பானில் சித்திரக்கதைப் பாத்திரங்கள் அச்சிட்ட அட்டைகள் ஏராளம். பச்சை, தங்கம், பிளாட்டினம் என்று படிப்படியாகப் பட்டங்கள் ஏறின. 1999-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கறுப்பு அட்டையை வெளியிட்டது, பிறகு அதை டைட்டானிய உலோகத்திலும் செய்தது. மேசையின்மீது போட்டால் ஓசை எழ வேண்டும் என்பதற்காகவே இன்று பலரும் உலோக அட்டையை விரும்புகிறார்கள் என்றால் மிகையன்று.

அழகுக்காகவும் எண்ணிக்கைக்காகவும் அட்டை சேர்த்தவர்களுள் பெயர்பெற்றவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த வால்டர் கவனா. கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் உண்டு. ஓராண்டில் யார் அதிக அட்டை சேர்ப்பது என்று நண்பர் ஒருவருடன் பந்தயம்; தோற்றவர் விருந்து வைக்க வேண்டும். அப்படித் தொடங்கியவர் 1,497 அட்டைகள் வரை போய்விட்டார். அவற்றின் கடன் வரம்பைக் கூட்டினால் 17 லட்சம் டாலர். அட்டைகளை வைப்பதற்கென்று 76 மீட்டர் நீளத்தில் மடித்து வைக்கும் பணப்பை செய்துகொண்டார். வியாபாரிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அத்தனை அட்டைகளில் அவர் செலவுக்கு உபயோகித்தது ஒன்றே ஒன்று. அதற்கும் மாதந்தோறும் முழுத் தொகையைக் கட்டிவந்தார். மற்றவையெல்லாம் அவருக்குத் தபால் தலை மாதிரி. அமெரிக்காவில் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் அட்டையை இலவசமாகக் கொடுத்த காலம் அது.

இன்று அப்படி இல்லை. மலேசியாவில் 2018 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு கடன் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு. வெளிநாட்டு அட்டைக்கு அந்நாட்டுக் கட்டணம். சலுகைக்குப் பெயர்போன அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் அட்டைக்கு அமெரிக்காவில் 2021-இல் ஆண்டுக் கட்டணம் 695 டாலராக இருந்தது. 2025-இல் 895 டாலராயிற்று. ஓட்டலில் இவ்வளவு தள்ளுபடி, வாடகை வண்டியில் இவ்வளவு கழிவு என்று அதனுடன் ஒரு கட்டுச் சீட்டுகள் கொடுக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை அமெரிக்கக் கடைகளில்தான் செல்லும். சாலாக் செலாத்தானில் இருந்துகொண்டு அவற்றை வாங்குவது, கோலாலம்பூரில் இருந்துகொண்டு திருச்சி டவுன் பஸ்ஸுக்கு மாதப் பாஸ் எடுப்பதற்குச் சமம்.

இனிச் சலுகைக்கு வருவோம். புள்ளியும் பிரயாணமும் பாங்கி முதலாளி தம் கையிலிருந்து கொடுக்கும் ஹதியா என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பணம் வருகிற வழியைப் பார்ப்போம். நம் கடையில் ஒருவர் 100 வெள்ளிக்குச் சாமான் வாங்கி அட்டையைத் தட்டுகிறார். நம் கணக்கில் 100 வெள்ளி வருவதில்லை. கணக்குக்காக 98 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 வெள்ளியில் நமக்கு யந்திரம் கொடுத்த பாங்கிக்கு ஒரு பங்கு, விசா அல்லது மாஸ்டர்கார்டுக்கு ஒரு பங்கு. பெரும் பங்கு அட்டை கொடுத்த பாங்கிக்குப் போய்ச் சேருகிறது. அந்தப் பெரும் பங்கிலிருந்து ஒரு துண்டை நறுக்கித்தான் அட்டைக்காரருக்குப் புள்ளியாகத் தருகிறார்கள். ஆக, வாடிக்கைக்காரர் விமான நிலையத்தில் குடிக்கும் இலவசக் காப்பியில் நம் கல்லாப் பெட்டிக் காசும் கலந்திருக்கிறது.

இது நம் ஊகம் அன்று. ஆஸ்திரேலியாவில் மத்திய பாங்கி 2003-இல் அந்தப் பெரும் பங்குக்கு வரம்பு கட்டியது; உடனே அங்கே புள்ளிகள் மெலிந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் பற்று அட்டைக்கு 100க்கு 0.2, கடன் அட்டைக்கு 100க்கு 0.3 என்று உச்சவரம்பு வைத்தது. பல சலுகை அட்டைகள் காணாமல் போயின. அமெரிக்காவில் 2011-இல் பெரிய பாங்கிகளின் பற்று அட்டைக்கு வரம்பு வந்தபோதும் இதே கதை. கடைக்காரரிடம் வாங்குவது குறைந்தால் வெகுமதியும் குறைகிறது. அமெரிக்கக் கடன் அட்டைக்கு அத்தகைய வரம்பு இல்லாதபடியால்தான் அந்நாட்டு அட்டைகளின் சலுகைகள் நம் பிள்ளைகளின் கண்ணைப் பறிக்கின்றன.

நம் நாட்டிலும் பேங்க் நெகாரா 2015 ஜூலை 1 முதல் இத்தகைய வரம்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த வரம்பு உள்நாட்டு அட்டைகளின் உள்நாட்டு வியாபாரத்துக்கு ஏற்பட்டது. தாசெக் செலாத்தான் பேருந்து நிலையத்தில் இறங்கும் பிரயாணியோ, விமான நிலைய ரயிலில் வந்திறங்கும் விருந்தாளியோ நம் கடையில் வெளிநாட்டு அட்டையைத் தட்டினால், அதற்குப் பிடிக்கும் கழிவு உள்ளூர்ப் பற்று அட்டைக்குப் பிடிப்பதைவிட அதிகம். மாதக் கடைசியில் பாங்கி அனுப்பும் பட்டியலில் உள்ளூர்ப் பற்று அட்டை, உள்ளூர்க் கடன் அட்டை, வெளிநாட்டு அட்டை என்று தனித்தனி வரிகள் உண்டு. நம்மில் எத்தனை பேர் அந்த வரிகளைப் பிரித்துப் படிக்கிறோம்? அரிசி மூட்டைக்கு 50 காசு ஏறினால் மொத்த வியாபாரியோடு அரைமணி நேரம் வாதாடுகிறவர்கள் நாம்.

இதே வெளிநாட்டு அட்டையை நம்மவர் வைத்துக்கொண்டு இங்கே வெள்ளியில் செலவழித்தால் இன்னொரு செலவு சேருகிறது. சிங்கப்பூர் அட்டையில் கோலாலம்பூர்ச் செலவு டாலராக மாற்றப்படும்போது பல பாங்கிகள் 100க்கு 3-க்கு மேல் கட்டணம் எடுக்கின்றன. கிடைக்கும் புள்ளியின் மதிப்போ பெரும்பாலும் 100க்கு 1 அல்லது அதற்கும் கீழே. நாணய மாற்றுத் தொழிலில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் பெயரெடுத்த சமூகம் நம்முடையது. ஒரு காசு வித்தியாசத்துக்கு மூன்று கடை ஏறி இறங்குவோம். அட்டையின் மாற்று விகிதத்தை மட்டும் கேட்பதே இல்லை.

உம்ராவுக்கோ ஊருக்கோ போகும்போது கடை யந்திரம் ஒரு கேள்வி கேட்கும்: ரிங்கிட்டில் எடுக்கவா, ரியாலில் எடுக்கவா? ரிங்கிட் என்று பார்த்ததும் நம் பணம் என்ற பாசத்தில் பலர் அதையே அழுத்துகிறார்கள். அப்போது மாற்று விகிதத்தை அந்தக் கடை யந்திரக்காரர் தம் லாபத்தைச் சேர்த்து வைக்கிறார். அந்தந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் லாபம்.

வட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் நாட்டில் சாதாரணக் கடன் அட்டைக்கு, கட்டும் ஒழுங்கைப் பார்த்து, ஆண்டுக்கு 100க்கு 15, 17, 18 என்று மூன்று படிகள். மாதம் கட்ட வேண்டிய குறைந்த தொகை பாக்கியில் 100க்கு 5. 3,000 வெள்ளி பாக்கிக்கு 18 விகிதத்தில் மாத வட்டி 45 வெள்ளி. குறைந்த தொகையான 150 வெள்ளியைக் கட்டினால் அசல் கழிவது 105 வெள்ளிதான். அந்த 3,000 வெள்ளிச் செலவுக்குக் கிடைத்த புள்ளியை 100க்கு 1 என்று தாராளமாக மதித்தாலும் 30 வெள்ளி. ஒரே மாதத்தில் சலுகை கரைந்து, கடன் மிச்சம்.

மார்க்க நோக்கிலும் இவ்விஷயம் ஆராயப்பட்டிருக்கிறது. 2000 செப்டம்பரில் ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வட்டி விதிக்கும் ஷர்த்து ஒப்பந்தத்தில் இருந்தால், கணக்கில் பணமின்றிக் கடனாக வழங்கப்படும் அட்டையை வாங்குவதும் உபயோகிப்பதும் கூடாதென்று தீர்மானித்தது. தவணைக்குள் கட்டிவிடுவோம் என்ற நிய்யத் இருந்தாலும் அப்படியே. அதே தீர்மானம், பாங்கி கடைக்காரரிடம் கழிவு எடுப்பதை அனுமதிக்கிறது. ரொக்கத்துக்கு என்ன விலையோ அட்டைக்கும் அதே விலைக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அத்தகைய கடன் அட்டையால் தங்கமும் வெள்ளியும் வாங்குவதையும் அது அனுமதிக்கவில்லை. நகைக் கடைச் சகோதரர்கள் இதைத் தங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிதல் நலம். மலேசியாவில் 2001 முதல் இஸ்லாமிய அட்டைகள் வழங்கப்பட்டு வருகின்றன. அவற்றின் ஒப்பந்த முறை வேறு. வெளிநாட்டு அட்டையில் பிறையும் அரபி எழுத்தும் அழகாக அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான் குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். பொடி எழுத்தில் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தத்தை வாசிக்க நமக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

கடையில் வெளிநாட்டு அட்டையை வாங்கும் நம்மவருக்கும் இரண்டு வார்த்தை. சில்லு உள்ள அட்டையைச் சில்லாலேயே எடுக்க வேண்டும். எண்ணைக் கையால் அடித்து எடுப்பது ஆபத்து. இந்நாட்டு அட்டைகள் 2017 ஜூலை 1 முதல் ஆறு இலக்க ரகசிய எண்ணுக்கு மாறிவிட்டன. வெளிநாட்டு அட்டைகளிற் சில இன்னும் கையெழுத்துக் கேட்கும். அதனால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். கையெழுத்து வாங்கிய சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும். அட்டைக்காரர் தகராறு எழுப்பப் பல வகைகளில் 120 நாள் வரை அவகாசம் உண்டு. சீட்டு இல்லையேல் பணம் நம் கணக்கிலிருந்து திரும்பிப் போகும்.

சித்திரத்தின்மீது மட்டுமே ஆசை உள்ள பிள்ளைகளை நாம் தடுக்க வேண்டியதில்லை. 1990-களில் பொதுத் தொலைபேசி அட்டைகளை நம் இளைஞர் பலர் சேர்த்தார்கள். பணத்தை முன்னால் கொடுத்து வாங்கிய அட்டைகள் அவை, தீர்ந்த பிறகு மிஞ்சியது சித்திரம் மட்டுமே. 1997 முதல் உள்ள டச் அண்ட் கோ அட்டைகளிலும் விசேஷச் சித்திரங்கள் வருகின்றன. காலாவதியான கடன் அட்டையைச் சேர்ப்பதாயின் சில்லையும் பின்புறத்துக் காந்தப் பட்டையையும் வெட்டிவிட்டு, பெயரும் எண்ணும் தெரியாதபடி செய்த பின்பே ஆல்பத்தில் ஒட்ட வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிய வெளிநாட்டு அட்டையை விட்டுவிட எண்ணுகிறவர், கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் சேர்ந்த புள்ளிகளைச் செலவழித்துவிட வேண்டும். கணக்கு மூடினால் பல பாங்கிகளில் அவை அழிந்துபோகும். மாதந்தோறும் தானாகக் கழியும் சந்தாக்களை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். பாக்கியைக் கடைசிக் காசு வரை கட்டி, கணக்கு மூடப்பட்டது என்று பாங்கியிடம் எழுத்தில் வாங்க வேண்டும். நாலு டாலர் பாக்கி கிடந்தாலும் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும், கடிதமோ நாம் காலி செய்துவிட்ட பழைய விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். எழுத்து கைக்கு வந்த பிறகு, அட்டையைச் சில்லின் நடுவே வெட்டலாம்.