உருவகத்தை ஏற்காத கதைசொல்லி

நுழையும்முன்

கதைசொல்லியின் கண்வழியாகவே வாசகர் புதினத்தின் உலகைக் காண்கிறார். பிறர் முகக்குறிப்பை அறிய இயலாத ஒருவன் கதை சொன்னால் வாசிப்பு என்னவாகும் என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

இங்கிலாந்து எழுத்தாளர் மார்க் ஹேடனின் புதினம் ஒன்று 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் 'இரவில் நாய்க்கு நேர்ந்த விந்தை நிகழ்ச்சி' எனலாம். கதையைச் சொல்பவன் பதினைந்து வயதுக் கிறிஸ்டோபர் பூன். அண்டை வீட்டு நாய் குத்திக் கொல்லப்பட்டுக் கிடக்கிறது. கொன்றவரைத் தேடிப் புறப்படுகிறான். தேடல் அவன் வீட்டுக்குள்ளேயே வந்து முடிகிறது. இறந்துவிட்டதாகத் தந்தை சொன்ன தாய் உயிருடன் இருப்பதையும் ஒளித்துவைத்த கடிதங்களால் அறிகிறான். இயல்களுக்கு 2, 3, 5, 7, 11 எனப் பகா எண்களையே இடுகிறான்.

கிறிஸ்டோபருக்கு உருவகம் பிடிக்காது. அது பொய் என்பது அவன் வாதம். உவமையை அவ்வாறு ஒதுக்குவதில்லை. அணியிலக்கணம் பயின்றவருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். 'மலர் போன்ற முகம்' என்கையில் மலர் வேறு, முகம் வேறு. 'முகமலர்' என்கையில் அவ்வேற்றுமை மறைந்து முகமே மலராகிவிடுகிறது. முகம் மலரன்று என்பதே அவன் மறுப்பு. தொல்காப்பியர் உவமைக்கென ஓர் இயலே வகுத்தார். உருவகத்தைத் தனியணியாக விரித்தது பிற்கால நூலாகிய தண்டியலங்காரம். அணிநூலார் அழகெனக் கண்டதைச் சிறுவன் பிழையெனக் காண்கிறான்; அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. காவலர் ஒருவரின் மூக்குமயிரை ஒளிந்திருக்கும் சிற்றெலிகளுக்கு ஒப்பிடும் அவன், இது உவமையே, உருவகமன்று என உடனே விளக்கமும் தருகிறான்.

நகை, அழுகை முதலிய எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் கூறும். உடலில் தோன்றும் குறியால் உள்ளத்தை அறிதலே அதன் அடிப்படை. ஆசிரியை ஷிவான் வரைந்து காட்டும் முகங்களில் மகிழ்ச்சி, துயரம் போன்ற மிகச் சிலவற்றையே கிறிஸ்டோபர் இனங்காண்கிறான். தந்தையின் கண்ணில் நீர் வழிவதைக் கண்டு, நாய் இறந்ததற்காகவா வருந்துகிறீர்கள் என வினவுகிறான். அப்படியும் சொல்லலாம் என்கிறார் தந்தை. நாயைக் கொன்றவர் அவரே எனப் பின்னர் அறியும் வாசகர், அப்பக்கத்துக்குத் திரும்பி அக்கண்ணீரை மறுபடியும் படிக்கிறார். மகன் எழுதியது கண்ட காட்சியை மட்டுமே. தந்தையின் குற்றவுணர்வையும் அச்சத்தையும் அன்பையும் ஊகித்தறியும் உழைப்பு முழுவதும் வாசகருடையதாகிறது. பிறர் உள்ளத்தை ஊகிக்கக் கிறிஸ்டோபர் நாள்தோறும் படும் பாட்டில் ஒரு பங்கை இவ்வாறு வாசகரும் ஏற்கிறார். புதினத்தின் வலிமை இங்கேதான் உள்ளது.

தாயைத் தேடி அவன் தனியே இலண்டனுக்குத் தொடர்வண்டியில் செல்லும் பகுதி மேலும் நெருக்கமானது. வயலில் மாடுகள் மேய்வதைக் கண்டு பிறர் கடந்துவிடுவர். அவனோ மாடுகள் 19, அவற்றுள் கறுப்பு வெள்ளை 15, பழுப்பு வெள்ளை 4 என அனைத்தையும் காண்கிறான். எதையும் விலக்கத் தெரியாத அக்கண், இலண்டன் நிலையத்தின் பலகைகள்முன் திணறுகிறது. சொற்கள் கலந்து பொருளற்ற எழுத்துக் குவியலாகின்றன. அச்சுப்பக்கமே அவ்வாறு அமைந்துள்ளது.

ஆவடியில் மின்தொடர்வண்டி ஏறி, அண்ணனூர், திருமுல்லைவாயில் கடந்து அம்பத்தூரில் இறங்கும் மாணவருக்கு இது அயலானதன்று. நிலைய அறிவிப்பு, தண்டவாள ஓசை, கைப்பேசிப் பாடல், கடலை விற்பவரின் குரல் ஆகியவற்றுள் வேண்டியதை மட்டும் ஏற்று, ஏனையவற்றை அவர் செவி தானே தள்ளிவிடுகிறது. எல்லா ஒலியும் ஒரே அளவில் வந்து தாக்கும் செவியும் உண்டு. பெட்டியின் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு முனகும் சிறுவன் அடம்பிடிப்பதாகவே பிறருக்குத் தோன்றுகிறது; பிள்ளையை அடக்கத் தெரியவில்லை என்னும் பேச்சு அவன் தாயின் காதிலும் விழுகிறது.

தெரிந்து தெளிவோம்
மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று.

எனினும் இப்புதினத்தை ஆட்டிசத்தின் கையேடாகக் கொள்ளல் பிழை. அச்சொல் கதையில் ஓரிடத்தும் இல்லை. தாம் அத்துறை வல்லுநர் அல்லர் என ஹேடனே கூறியுள்ளார். ஆட்டிசம் உடையோர் யாவரும் கணித மேதையர் என்னும் எண்ணத்தை இந்நூல் வளர்த்ததாகச் சிலர் குறைகூறுவதிலும் பொருளுண்டு. ஆட்டிசம் உடையவரான அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் 1986இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். தாம் படங்களாகவே சிந்திப்பதாகப் பின்னர் விளக்கினார். தமிழில் எஸ். பாலபாரதியின் 'துலக்கம்' ஆட்டிசத்தை மையமாகக் கொண்ட புதினமாகும். இவற்றை உடன்வைத்துப் படித்தால் கிறிஸ்டோபர் பலருள் ஒருவனாவான். 'மதியிறுக்கம்' என்னும் தமிழ் வழக்கும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பகா எண்களில் மகிழும் இவன் மதியில் இறுக்கம் எங்குள்ளது?

கதை முடிந்தபின் ஒரு பின்னிணைப்பு உள்ளது. தான் தேர்வில் எழுதிய கணக்கொன்றின் விடையைக் கதையிலேயே சேர்க்க விரும்புகிறான் கிறிஸ்டோபர். வாசகர் விரும்பமாட்டார் எனக் கருதும் ஷிவான், அதை நூலின் இறுதியில் வைக்கச் சொல்கிறார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டியும், அவ்வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தும், அவ்வெண்ணை இருமடங்காக்கியும் பெறும் அளவுகளைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணம் செங்கோண முக்கோணம் என நிறுவுவதே அக்கணக்கு. எண்ணை 2 எனக் கொண்டால் பக்கங்கள் 5, 3, 4. பிதாகரசு தேற்றம் அறிந்த மாணவர் அப்பக்கத்தைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை.