பங்குத் தோட்டம்: உரிமையும் கடமையும்

பிரித்தானிய நகரங்களிலே புகையிரதத்திற் செல்லும்போது, பாதையோரமாகச் சிறு சிறு துண்டுகளாய் வகுக்கப்பட்ட தோட்டங்களைக் காண்கின்றோம். அவற்றிலே அவரைப் பந்தலும் மரக்கொட்டிலும் நீர்த்தொட்டியும் தென்படும். 'அலொட்மென்ட்' என இந்நாட்டார் அழைக்கும் இவற்றை இக்கட்டுரையிற் பங்குத் தோட்டம் எனக் குறிப்போம். எம்மவர் பலரும், சிறப்பாக ஊரிலே தோட்டஞ்செய்து பழகிய முதியோர், இத்துண்டுகளைக் குத்தகைக்குப் பெற்றுப் பயிரிட்டு வருகின்றனர். இத்தோட்டங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு நடைபெறுகின்றன, அவற்றில் எமது பங்கு யாது என்பவற்றை மாணவரும் பெற்றோரும் ஒருங்கே அறிதல் நன்று.

தோற்றமும் சட்டமும்

முற்காலத்தில் இங்கிலாந்தின் சிற்றூர்களிலே மேய்ச்சலுக்கும் விறகுக்குமெனப் பொதுநிலங்கள் இருந்தன. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் பலவற்றால் அவை வேலியடைக்கப்பெற்றுத் தனியார் உடைமையாயின. நிலமற்ற ஏழைகளுக்குச் சிறு தோட்டத் துண்டுகளை ஒதுக்க 1845ஆம் ஆண்டின் வேலியடைப்புச் சட்டம் இடமளித்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் வேண்டுமிடத்துத் தோட்டநிலம் வழங்குதலை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. வாக்காளரோ உள்ளூர் வரி செலுத்துவோரோ அறுவர் சேர்ந்து எழுத்திற் கேட்பின், மன்றம் அதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். உள் இலண்டன் மன்றங்களுக்கு மட்டும் இது கடமையன்று, விரும்பின் வழங்கலாம். மேலும், பங்குத் தோட்டத்துக்கென வாங்கிய அல்லது ஒதுக்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி மன்றம் விற்கவோ வேறு தேவைக்கு மாற்றவோ இயலாதென 1925ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பற்றாக்குறையை எதிர்கொள்ள, மண்ணைக் கொத்திப் பயிரிடுமாறு அரசு மக்களை வேண்டியது. இலண்டன் கோபுரக் கோட்டையின் அகழியிலேகூட மரக்கறி விளைந்தது. அக்காலத்தில் ஏறத்தாழ 14 இலட்சமாக இருந்த துண்டுகள் இன்று மூன்று இலட்சமளவாகக் குறைந்துள்ளன. போருக்குப் பின்னர்க் கேட்பாரின்றித் தரிசாய்க் கிடந்த தோட்டங்கள் பல, வீடுகளாகவும் வீதிகளாகவும் மாறின. இன்றோ பல நகரங்களில் ஒரு துண்டு பெற ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியுள்ளது. சட்டம் நிலத்துக்கு வேலியாகலாம். ஆனால் அந்நிலத்தைப் பயன்படுத்தி, ஒன்றுகூடிப் பேணுவோரே அதன் உண்மையான காவலர்.

ஒருவர் துண்டும் பலர் நலமும்

முழுத் துண்டொன்றின் வழமையான அளவு 10 றொட் ஆகும். இஃது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். புதியோருக்குப் பல இடங்களிற் பாதித் துண்டே வழங்கப்படுகின்றது. துண்டு ஒருவருடையதாயினும் அதன் நலம் அயலாரிலும் தங்கியுள்ளது. இதற்கு மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, உருளைக்கிழங்கைத் தாக்கும் வெளிறல் நோய். வெம்மையும் ஈரமுங் கூடிய கோடைநாள்களில் இந்நோயின் நுண்வித்துகள் காற்றோடு பரவும், தக்காளியையும் அழிக்கும். நோயுற்ற செடிகளை ஒருவர் அகற்றாது விடின், சில நாள்களிலேயே அயலாரின் பயிரும் கருகக்கூடும்.

இரண்டாவது, கோவா இனப் பயிர்களின் வேரைத் தாக்கும் வேர்வீக்க நோய். அது மண்ணிற் பல்லாண்டு நிலைத்திருக்கும். காலணியில் ஒட்டிய சேற்றோடும், இரவலாகப் பெற்ற மண்வெட்டியோடும் வரம்பு கடந்து செல்லும். ஆதலால் கருவிகளைக் கழுவிக் கொடுத்தல் இங்கே வெறும் உபசாரமன்று, பயிர்க் காப்பு.

மூன்றாவது, களை. வெண்ணிறப் பூப்பூக்கும் கொடிக்களையொன்றின் வேர், பாதையின் கீழாக ஊர்ந்து அடுத்த துண்டில் முளைக்கும். கொத்தும்போது அறுபடும் சிறு வேர்த்துண்டொன்றும் புதிய கொடியாகும்.

நிருவாகமும் நாமும்

சில தோட்டங்களை மன்றங்களே நேரடியாக நடத்துகின்றன. வேறு சிலவற்றிற் பயிரிடுவோர் சங்கம் அமைத்து, முழு நிலத்தையும் மன்றத்திடமிருந்து பொறுப்பேற்று நடத்துகின்றனர். அங்கே தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் பயிரிடுவோர் மத்தியிலிருந்தே தெரிவாகின்றனர். குத்தகைப் பணம், நீர்க் கட்டணம், பாதைச் சீரமைப்பு, காத்திருப்போர் பட்டியல், எப்போது தீமூட்டலாம், நீர்க்குழாயை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பன யாவும் அவர்களாலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

எம்மவரின் துண்டுகள் பெரும்பாலும் செழித்திருக்கும். ஆயினும் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் எம்மவரைக் காண்டல் அரிது. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. முதியவர் ஒருவர் நோயுற்று இரு மாதம் வாராதிருப்பின் துண்டைக் களை மூடும். எச்சரிக்கைக் கடிதம் வரும். ஆங்கிலத்தில் வந்த அக்கடிதம் வாசிக்கப்படாமற் கிடக்க, பல்லாண்டு உழைத்துப் பண்படுத்திய மண் வேறொருவர் கைக்கு மாறிவிடும். நோயுற்ற செய்தியைச் செயலாளருக்கு இரு வரிகளில் அறிவித்தால் அவகாசம் கிடைக்க வழியுண்டு. அயலாரே களை பிடுங்கி உதவுதலும் உண்டு. கூட்டத்தில் முகமறிந்தவருக்கே இவ்வுதவி எளிதிற் கிட்டும்.

கூடி நடத்துதல் எமக்குப் புதிதன்று. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தோட்டக் கிணறுகள் பல, பங்காளர் பலருக்குப் பொதுவானவை. காணி உறுதிகளிலே நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் சேர்த்தே எழுதப்பட்டன. இன்னார்க்கு இன்ன நாள் என இறைப்பு முறை வகுக்கப்பட்டது. முறை தவறினால் அயலான் பயிர் வாடும் என்பதை எம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வறிவையே இந்நாட்டுத் தோட்டத்திலும் நாம் கைக்கொள்ளல் வேண்டும்.

தோட்டமும் தமிழும்

பாத்தி, வரம்பு, நாற்று, பசளை, பிஞ்சு முதலிய சொற்களை எம் மாணவர் பாடநூலிலே படிக்கின்றனர். தோட்டத்திலோ அச்சொற்களின் பொருளைக் கையாலே தொட்டறிகின்றனர். தமிழ் மாதங்களும் அங்கே உயிர்பெறுகின்றன: ஐப்பசியில் உள்ளி ஊன்றலாம்; பங்குனியில் உருளைக்கிழங்கு நடலாம்; உறைபனி நீங்கி வைகாசி பிறந்தபின் பூசணியும் போஞ்சியும் வெளியே நடலாம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் கண்ணாடிக் கொட்டிலே உகந்தது.

மாணவச் செல்வங்களே! இருமொழியும் அறிந்த நீங்கள் உங்கள் பாட்டன் பாட்டியரோடு தோட்டத்துக்குச் செல்லுங்கள். அவர்களிடம் பயிரின் பெயரையும் பக்குவத்தையும் கேட்டறியுங்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்து விளக்கி, மறுமொழி எழுதிக் கொடுங்கள். பொதுக்கூட்டத்தில் அவர்கள் அருகிருந்து, அவர்கள் கருத்தை அவையோர்க்கு எடுத்துரையுங்கள். அவர்கள் உங்களுக்குத் தமிழ் தருவர். நீங்கள் அவர்களுக்கு அவையிலே குரல் தருவீர்கள். குத்தகைப் பணம் செலுத்துவதால் நாம் துண்டைப் பெறுகின்றோம். பொதுப்பணியிற் பங்கேற்பதாலேயே தோட்டத்தில் ஒருவராகின்றோம்.