மதியத்தில் போங்கள்!

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எங்கள் ஏரியாவில் உள்ள பெரிய ரெஸ்டாரன்ட்டுக்கு அழைத்துப்போக ஆசை. பில்லை நினைத்தால்தான் பயம். வழி உண்டா?
– வாசகி, அடையாறு

தாராளமாகப் போங்கள், ஆனால் வார நாள் மதியத்தில். ஆபீஸ்காரர்களை நம்பிப் பல ரெஸ்டாரன்ட்டுகள் அப்போது சூப் முதல் இனிப்புவரை ஒரே விலையில் ‘செட் லஞ்ச்’ தருகின்றன. சமைப்பது அதே கைதான். சில இடங்களில் மெனு கார்டில் இது இருக்காது; முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். பாட்டில் தண்ணீர் வேண்டாம், சாதா தண்ணீர் போதும் என்று சொல்லுங்கள். தனி ரெஸ்டாரன்ட்டில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ‘சர்வீஸ் சார்ஜ்’ போட்டிருந்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். அது கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. அந்தக் காசில் அம்மாவுக்கு இன்னொரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். அவருக்கு எங்கள் வணக்கங்கள்!