பந்தலும் கொடியும்: உடலில் புதிய இரத்தக் குழாய் வளரும் விதம்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நான் சுகாதார விளக்கம் அளிக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும். இனிப்பு நீர் உள்ளவருக்குக் காலில் இரத்த ஓட்டம் இன்றிப் புண் ஆறுவதில்லை. கண்ணிலோ வேண்டாத இரத்தக் குழாய்கள் வளர்ந்து பார்வை கெடுகிறது. ஒரே நோய் இரு விதமாகச் செயல்படுவது எப்படி?

விடையின் ஒரு பகுதி, குழாயைச் சுற்றியுள்ள பொருளில் இருக்கிறது. நம் உயிரணுக்களுக்கு இடையே கொலாஜன் முதலிய புரத இழைகளாலான பின்னல் ஒன்று உண்டு. கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினர் என்பது நமக்குப் பெருமை.

பாகற்கொடிக்குப் பந்தல் எப்படியோ, இரத்தக் குழாய்க்கு இப்பின்னல் அப்படி. ஆனால் இந்தப் பந்தல் கட்டளையும் இடும். வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களை அது பிடித்து வைத்திருக்கிறது. காயம் பட்டால் நொதிகள் பின்னலை அளவோடு வெட்டுகின்றன. தூண்டும் புரதம் வெளிப்பட்டுக் குழாய் துளிர்க்கிறது. போதும் என்று சொல்வதும் இப்பின்னலே. 1997இல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் குழுவினர் அறிவித்த எண்டோஸ்டாட்டின் என்னும் தடைப்பொருள், பதினெட்டாம் வகைக் கொலாஜனின் ஒரு துண்டுதான்.

இனிப்பு நீர் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. சர்க்கரை கொலாஜனில் ஒட்டி அதை விறைப்பாக்குகிறது. ஆறாத புண்ணில் நொதிகள் அளவு மீறி வெட்டிப் பந்தலையே சிதைக்கின்றன. கொடி படர இடமில்லை. கண்ணிலோ நுண்குழாய்கள் அடைபட்டு, பிராணவாயு குறைந்த விழித்திரை தூண்டும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. புதுக் குழாய்கள் விழிக்குள் உள்ள கூழ்ப்பொருளின் கொலாஜன் இழைகளைப் பற்றிப் படர்கின்றன. அவை மெலிந்தவை, எளிதில் உடைந்து இரத்தம் கசியும். அந்தப் புரதத்தை அடக்கும் ஊசி மருந்தும் லேசர் சிகிச்சையும் இன்று உண்டு.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர்!

எனவே, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுதோறும் கண்ணைப் பரிசோதியுங்கள். கால் மரத்தவருக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. தைப்பூசத்திற்குப் பத்துமலைக்கு வெறுங்காலுடன் நடக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். சிறு புண்ணையும் அன்றே கிளினிக்கில் காட்டுங்கள். பந்தல் சிதையுமுன் காப்பதே அறிவுடைமை.